அக்காவை அண்ணி என்றழைத்தவர்

என் மாமாவைப் பற்றி எழுத இப்போது தடை ஏதுமில்லை. அந்தத் தடை எப்படி நீங்கியது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். என் மகள் எடுத்த திரைப்படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். பிழைக்க வந்த ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை என்று சுவரொட்டியில் போட்டிருந்தார்கள். அது எங்கள் குடும்பம்தான். படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் திரையில் வருகிற மாமா இடைவேளைக்கு முன்னும் பின்னுமாக அடங்கிவிடுகிறவர். என்னை வளர்த்தவர் அப்படி அடங்குகிற ஆள் இல்லை.

முதலில் உறவுமுறையைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனெனில் சிக்கல் தொடங்கியதே அங்கேதான். மாமா என் அம்மாவின் உடன்பிறந்த தம்பி. ஆனால் நாங்கள் குடியிருந்த தெருவுக்கும், அவர் வேலை செய்த சலவை ஆலைக்கும், நம்மவர்கள் கூடுகிற சங்கத்துக்கும், அரசாங்கத்துக்கும் அவர் என் அப்பாவின் தம்பி. எனக்குப் பேச்சு வந்த நாள் முதல் நானும் அவரைச் சித்தப்பா என்றுதான் அழைத்து வந்தேன். இங்கே மாமா என்று எழுதுகிறேன். எழுதும்போது கை கேட்கிறது. நாக்கு இன்னும் கேட்கவில்லை.

இந்த நாட்டுக்கு முதலில் வந்தவர் என் அப்பா. மருத்துவமனைகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் அழுக்குத் துணி வண்டி வண்டியாக வந்து இறங்கும் ஒரு சலவை ஆலையில் வேலை. ஆள் பற்றாக்குறை மிகுந்தபோது, அங்கே வேலையில் இருப்பவர் தம் உடன்பிறந்த ஒருவரை வரவழைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். அப்பாவுக்கு உடன்பிறந்தவர் எவருமில்லை. அம்மாவின் தம்பியோ ஊரில் வேலையின்றிச் சும்மா இருந்தார். மனைவியின் தம்பி அந்த அனுமதிக்குள் வரமாட்டான். அப்பா யோசித்துப் பார்த்து, மச்சானைத் தம்பி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வேண்டிய சான்றுகளை யார் யாரையோ பிடித்து வாங்கினார்கள். அதற்காக மாமா தம் தகப்பனாரின் பெயரைக் கழற்றிவிட்டு, என் அப்பாவின் தகப்பனார் பெயரை மாட்டிக்கொண்டார். அம்மாவால் கடைசிவரை பொறுக்க முடியாமல் போனது அது ஒன்றுதான்.

"எங்கப்பாவுக்கு இருந்ததே ஒரு ஆம்பளப் பிள்ளை. அதையும் உங்கப்பா கணக்குல ஏத்திட்டீங்களே" என்று அப்பாவிடம் சண்டைக்கு நிற்பாராம்.

அப்பாவுக்கோ அந்த ஏற்பாடு பெரிய வேடிக்கையாக இருந்திருக்கிறது. மச்சான் முறையில் ஒருவரையொருவர் கிண்டலடிக்க வேண்டிய இரண்டு பேர் தெருவில் அண்ணன் தம்பியாக அடக்க ஒடுக்கமாக நடக்க வேண்டியிருந்தது. கடையிலிருந்து திரும்பும்போது, எதிரே ஆலைக்காரர்கள் வருகிற நேரம் பார்த்து, அப்பா கனமான பையை நீட்டுவார்.

"ஏன் தம்பி, அண்ணன் தூக்கிட்டு வர்றேன், நீ கை வீசிட்டு வர்ற?"

மாமா பையை வாங்கிக்கொண்டு, சிரித்த முகம் மாறாமல் பல்லிடுக்கில் சொல்வார்: "வீட்டுக்கு வாங்க மச்சான், வெச்சிக்கிறேன்."

வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் முறை திரும்பிவிடும். "எங்க வீட்டுப் பொண்ணைக் கட்டிக்கிட்டதே பெரிய விஷயம். இதுல எனக்கு அண்ணன் பதவி வேறயா? எடுங்க அந்தச் செம்பை, தண்ணி கொண்டாங்க" என்பாராம் மாமா. அப்பா கொண்டுவந்து கொடுப்பாராம். இவையெல்லாம் அம்மா பிற்காலத்தில் எனக்குச் சொன்னவை. நான் பேசத் தொடங்கியதும் வீட்டுக்குள்ளும் அந்த விளையாட்டை நிறுத்திவிட்டார்கள். குழந்தை வெளியே போய் உளறிவிட்டால் மூவரும் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்ற பயம். அம்மாவுக்குத் தொல்லையில்லை, எப்போதும் போலத் தம்பி என்றே அழைக்கலாம். மாமாவின் பாடுதான் திண்டாட்டம். பழக்கத்தில் "அக்…" என்று தொடங்கிவிட்டு, பாதியில் அதை இருமலாக மாற்றிக்கொண்டு, "அண்ணி" என்று முடிப்பார். சலவைத் தூள் நெஞ்சில் கட்டியிருக்கிறது என்று ஆலையில் மருந்துகூடக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆலையில் அவருக்கு இஸ்திரி உருளையில் வேலை. ஈரப் படுக்கை விரிப்பின் இரண்டு மூலைகளை இருவர் பிடித்து, சூடான உருளைகளுக்கு இடையே சுருக்கமில்லாமல் உள்ளே விட வேண்டும். நாளெல்லாம் ஆவியில் நின்றுவிட்டு, வீடு திரும்பும்போது மட்டும் கஞ்சி போட்டு விறைத்த சட்டையோடு வருவார். அதனால் ஆலையில் அவர் பெயர் கஞ்சி. எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கஞ்சிச் சித்தப்பா.

நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது அப்பா நோயில் விழுந்து இறந்துபோனார். அவதூறு அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

மாமா தனி அறை பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். போகவும் செய்தார். அம்மா காய்ச்சலில் படுத்து, நான் பள்ளிக்குப் போகாமல் அடுப்படியில் நின்றதைப் பார்த்துவிட்டுப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டார். அக்கா வீட்டில் தம்பி இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. அண்ணன் இறந்த வீட்டில் கல்யாணமாகாத கொழுந்தன் தங்கினால் ஊர் சும்மா இருக்குமா? சங்கத்தின் செயலாளர் என்று ஒருவர் இருந்தார். கூட்டத்தில் ஒலிபெருக்கி தேவைப்படாத குரல்.

"கஞ்சி அண்ணியைப் பார்த்துக்கிறாராம்" என்பார். "நாங்களும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கோம்."

சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பேன்.

மாமா தமக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டார். வேலை முடிந்து வந்தால், நான் பள்ளியிலிருந்து வரும்வரை வீட்டுக்குள் போகமாட்டார். குடியிருப்பின் பொதுப் படிக்கட்டில், எங்கள் கதவுக்கு எதிரே, குளிரில் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிற்பார். அம்மா கதவைத் திறந்து தேநீரை நீட்டுவார். அங்கேயே நின்று குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுப்பார். மேலும் கீழும் போகிற எல்லோரும் தம்மைப் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். சொந்த அக்காவின் எதிரே உட்கார்ந்து ஒரு வாய்த் தேநீர் குடிக்க அவருக்கு வழியில்லாமல் போயிற்று.

உயர்நிலைப் பள்ளியில் ஒருவன் என் அம்மாவைப் பற்றி ஒரு சொல் சொன்னான். நான் அவனை அடித்தேன். அவனும் என்னை அடித்தான். கிழிந்த சட்டையோடு வந்த என்னை உள்ளறைக்கு அழைத்துப் போய் அம்மா உண்மையைச் சொன்னார். சொன்ன கையோடு, செத்தாலும் வெளியே சொல்லமாட்டேன் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். ஊரறியச் சொல்லிவிடலாம் என்ற ஆசை அம்மாவுக்கு அவ்வப்போது வந்ததுண்டு. மாமாதான் இடம் கொடுக்கவில்லை. "பேசுறவங்களுக்கு வாய்தானே வலிக்கும்? நமக்கு அனுமதி போனா பையன் படிப்பு போயிடும்" என்பார். அவருக்கு வந்த இரண்டொரு வரன்களும் விசாரித்துவிட்டுப் பேசாமல் விலகிக்கொண்டன.

வருடங்கள் போயின. நான் வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டேன், எங்கள் எல்லோருக்கும் குடியுரிமையும் கிடைத்தது. மாமாவின் பயம் மட்டும் போகவில்லை. அடியில் இருப்பது பொய் என்றால் மேலே எது நிற்கும் என்பது அவர் கேள்வி. அம்மா இறந்த அன்று வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மாமாவின் கையை ஒப்புக்குத் தொட்டுவிட்டுப் போனார்கள். அம்மாவைப் பாவாடை கட்டிய வயதிலிருந்து அறிந்தவர் அந்தக் கூடத்தில் அவர் ஒருவர்தான்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறு படங்கள் எடுத்துப் பெயர் வாங்கியபின், முதல் முழுநீளப் படத்துக்கு எங்கள் குடும்பத்தையே கதையாக எடுத்துக்கொண்டாள். நான் எந்தக் காகிதத்தையும் எறிகிறவன் இல்லை. வாடகை ரசீது, சம்பளச் சீட்டு, அனுமதிக் கடிதங்கள், புகைப்படங்கள் அனைத்தும் ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருக்கிறேன். அவள் கேட்டபோது பெட்டி பெட்டியாகக் கொடுத்தேன். காகிதத்தில் இருந்ததை என்னிடம் வாங்கிக்கொண்டாள். இல்லாததைத் தெருவில் கேட்டுக்கொண்டாள். பழைய அண்டை வீட்டார், சங்கத்துக்காரர்கள் என்று ஒருவர் விடாமல் பார்த்திருக்கிறாள். திரைக்கதையை மட்டும் எங்களிடம் காட்டவில்லை. "படமா பாருங்கப்பா, அதுதான் சர்ப்ரைஸ்" என்றாள்.

ஒருநாள் ஒத்திகை பார்க்க வரச்சொல்லி மாமாவையும் என்னையும் அழைத்துப் போனாள். பெரிய கிடங்கு ஒன்றுக்குள் எங்கள் பழைய வீட்டை எழுப்பியிருந்தார்கள். அதே கதவு, அதே பச்சை வண்ணம், அதே படிக்கட்டு. மாமா கைப்பிடிச் சுவரைத் தடவிப் பார்த்தார். கஞ்சிச் சட்டையோடு ஓர் இளம் நடிகர் வந்து வணங்கியதும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"காலரு இன்னும் கொஞ்சம் நிக்கணும் தம்பி" என்று சரிசெய்தும் விட்டார்.

ஒத்திகை தொடங்கியது. நடிகர் படிக்கட்டில் நின்றார். கதவு திறந்தது. அம்மாவாக நடிக்கிற பெண் தேநீரை நீட்டினார். "என்னை மாதிரியேதான் நிக்கிறான்" என்று மாமா என் காதில் சொன்னார். நடிகர் கோப்பையை வாங்கவில்லை. கோப்பையைப் பிடித்திருந்த விரல்களின் மேல் தம் விரல்களை வைத்து, அந்தப் பெண்ணின் கண்களைப் பார்த்தார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் யாரோ பின்னணிக்கு ஒரு மெல்லிசையைப் போட்டார்கள்.

"இது என்னடா பார்வை?" என்றார் மாமா.

எனக்குப் புரிந்துவிட்டது.

என் மகள் ஓடிவந்து அவர் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "சின்னத் தாத்தா, இதுல அசிங்கம் ஒண்ணுமே இல்ல. தாத்தா போனப்புறம்தானே? நீங்களும் பாட்டியும் யாருக்கும் துரோகம் பண்ணல. ஊரு பேசினதை நான் மாத்திக் காட்டுறேன். வாழ்நாள் முழுக்கப் படிக்கட்டுலயே நின்ன ஒரு காதல்! உங்களுக்கு நியாயம் செய்யத்தான் இந்தப் படத்தையே எடுக்கிறேன்."

"நிறுத்திடும்மா" என்றார் மாமா.

"ஏன்னு சொல்லுங்க, நிறுத்துறேன்."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். கிடங்கின் பின்புறம் மரப்பெட்டிகள் அடுக்கிய சந்தில் நின்றுகொண்டிருந்தார்.

"நான் சொல்லிடட்டுமா சித்தப்பா?"

"நீ சொன்னா, எனக்குப் பரிஞ்சு பேசுறேன்னு நினைப்பா. சொன்னா நான்தான் சொல்லணும்." காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "உள்ள எத்தனை பேரு இருக்காங்க பாத்தியா? ஒருத்தன் போய் குடியேற்ற ஆபீஸ்ல ஒரு வார்த்தை போட்டாப் போதும். இந்த வயசுல என்னை ஏத்தி அனுப்பினா எங்கடா போவேன்? அங்க எனக்கு யாரு இருக்கா? ஊரே இப்ப என்னை அடையாளம் தெரியலன்னுதான் சொல்லும்."

"அப்ப விட்டுருவோம். வெறும் படம்தானே" என்றேன். நான் அதை நம்பிச் சொல்லவில்லை.

"வெறும் படமா?" என்று என்னை முறைத்தார். "சங்கத்துக்காரன் பேசினது காத்தோட போச்சு. இது நிக்கும்டா. நாளைக்கு இவ பிள்ளை பார்க்கும், அதோட பிள்ளை பார்க்கும். எங்கக்கா எனக்குத் தலை வாரிவிட்டவ. அவ கையை ஒருத்தன் அப்படிப் பிடிக்கிறான், நான் நாற்காலி போட்டுப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா? ஏத்தி அனுப்பினா அனுப்பட்டும். வா."

உள்ளே போனதும் நேரே படிக்கட்டின் கீழே போய் நின்றார். ஒத்திகை மறுபடி தொடங்கியிருந்தது. விரல்கள் மறுபடி கோப்பையின் மேல் சேர்ந்திருந்தன. நடிகையைக் காட்டி என் மகளிடம் கேட்டார்:

"அது யாரு?"

"பாட்டி."

"உனக்குப் பாட்டி. எனக்கு?"

"உங்க அண்ணி."

"இல்ல. எங்க அக்கா. எங்கம்மா வயித்துல எனக்கு முன்னாடி பிறந்தவ. உங்க தாத்தா எனக்கு மச்சான். என்னை இங்க கொண்டு வர்றதுக்காகத் தம்பின்னு எழுதிக் கொடுத்தாரு."

நடிகர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். தேநீர் முழுதும் கஞ்சிச் சட்டையில் கொட்டியது. "அக்காவா!" என்றார். "ஐயா, இதை முதல்லயே சொல்லக்கூடாதா? மூணு வாரமா இந்தப் பார்வையைக் கண்ணாடி முன்னாடி நின்னு பழகுறேன்!"

யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்தார்கள். என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

"பள்ளிக்கூடத்துல படிக்கும்போதிருந்து."

"நான் ரெண்டு வருஷமா எழுதுறேன்! பாட்டியையும் பாட்டியோட தம்பியையும் வெச்சு… ஐயையோ!" படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சற்று நேரம் தெரியவில்லை. மாமா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஆளைத்தான் மாத்திட்ட."

"அப்புறம் ஏன் தாத்தா படிக்கட்டுல நின்னீங்க?"

"உள்ள போனா பேசுவாங்கன்னு."

"வெளிய நின்னதையும்தானே பேசினாங்க?"

"அது எனக்கு இன்னைக்குத்தானே தெரியுது" என்றார் மாமா. இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். மாமா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சிரிப்பு அடங்கியதும் பயம் திரும்பியது. சுற்றி நின்றவர்களைப் பார்த்து, இதை வெளியே சொல்லிவிட வேண்டாம் என்று கும்பிட்டார். விளக்குக் கம்பத்தைப் பிடித்திருந்த ஆள் பதறிப்போனார். "கும்பிடாதீங்க ஐயா. எங்க தாத்தா யாரு பேருல வந்தாருன்னே எங்க வீட்டுல இன்னும் கண்டுபிடிக்கல."

அந்த வாரமே குடியேற்ற வழக்குகள் நடத்தும் ஒரு பெண் வக்கீலிடம் போனோம். என் பெட்டிகள் அனைத்தையும் கொண்டுபோய் மேசைமேல் அடுக்கினேன். பொறுமையாகப் புரட்டியவர் மாமாவைப் பார்த்தார்.

"அந்தக் காலத்துல வந்தவங்க உறவைத் தப்பாச் சொல்லியிருந்தா நடவடிக்கை கிடையாதுன்னு அரசாங்கம் பொதுமன்னிப்புக் கொடுத்தாச்சே. அதோட, உங்க குடியுரிமை நீங்க உழைச்ச உழைப்புக்குக் கிடைச்சது. அண்ணனுக்காக யாரும் கொடுக்கல. உங்களை ஒருத்தரும் தொட முடியாது."

"மன்னிச்சது எப்பம்மா?"

"ரொம்ப வருஷம் ஆச்சு. உங்க அக்கா பையன் பள்ளிக்கூடம் போயிட்டிருந்திருப்பாரு."

கண்ணில் பட்ட சட்டமெல்லாம் படித்த எனக்கு அது தெரியவில்லை. கேட்டால்தானே தெரியும், கேட்டால் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்றல்லவா இருந்தோம்! மாமா தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். வெகுநேரம் டம்ளரைக் கையில் வைத்திருந்தார்.

"அப்ப உள்ள உக்காந்தே டீ குடிச்சிருக்கலாம்" என்றார். அதைத் தவிர வேறு எந்த வருத்தத்தையும் அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

வெளியே வந்து காரில் ஏறும்போது, "டேய், இனிமே மாமான்னு கூப்பிடு" என்றார்.

"வரமாட்டேங்குது சித்தப்பா."

"அடப் போடா" என்று கதவைச் சாத்திக்கொண்டார். வீடு வந்து சேருமுன் தூங்கிவிட்டார். எழுப்ப மனமில்லாமல் வாசலிலேயே காரை நிறுத்திவிட்டு நானும் உட்கார்ந்திருந்தேன்.

என் மகள் திரைக்கதையின் பெரும்பகுதியை மாற்றி எழுதினாள். அந்த நடிகரும் நடிகையும் அக்கா தம்பியாகச் சண்டை போடுகிற காட்சிகளுக்குத்தான் அரங்கில் கைதட்டல் மிகுதி.

முதல் காட்சி முடிந்து வெளியே வந்தபோது, சங்கத்தின் பழைய செயலாளர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எங்களிடம் வந்தார். குரல் சற்றும் குறையவில்லை. "எனக்கு அப்பவே தெரியும். ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு! நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன்."

என் நெஞ்சில் அத்தனை ஆண்டுகளாகக் கட்டி வைத்திருந்த பதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி வந்தன. மாமா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். பிறகு செயலாளரின் கையை எடுத்துத் தம் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியாம இருக்குமா? எங்கக்காவுக்கு அந்த மூக்காலேயே ஒரு கதை உண்டு, கேளுங்க. எங்கக்கா சின்ன வயசுல…"

கதை நீண்டது. செயலாளரின் மனைவி கார் அருகே நின்று கையசைத்தார். செயலாளர் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். படுக்கை விரிப்பின் மூலையைப் பிடித்துப் பழகிய பிடி, விடவில்லை. "சரிங்க, சரிங்க" என்றார் செயலாளர். மாமா மறுபடி "எங்கக்கா" என்று அடுத்த கதையைத் தொடங்கினார்.